வேன் கூரையில் மாட்டிய விளக்குகள்

புனே,
ஞாயிறு.

அன்புள்ள அப்பாவுக்கு ஸ்தோத்திரம். உங்கள் முதுகுவலி, அம்மாவின் சளி எப்படி இருக்கின்றன? நான் சுகம்.

போனில் சொன்னால் பாதியில் வைத்துவிடுவீர்கள் என்றுதான் எழுதுகிறேன். நீங்கள் ஓட்டும் ஆம்பூர் ஷூ கம்பெனி வேனின் கூரையில் மாட்டிய எல்இடி விளக்குகளைக் கழற்றிவிடுங்கள். வண்டி விளக்குகளைச் சோதிக்கும் வேலையில் இருப்பவள் சொல்கிறேன், சட்டம் ஒத்துக்கொள்ளாது. பனிவிளக்கு இரண்டு வைக்கலாம். அதுவும் ஹெட்லைட்டுக்கு மேலே ஏறக் கூடாது. இப்படியே ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு எஃப்.சி. சோதனைக்குப் போனால் திருப்பி அனுப்புவார்கள். "பாஸ்டர் ஜெபம் பண்ணி மாட்டுன லைட்டும்மா, எப்படிக் கழட்றது?" என்றீர்களே, அவர் வண்டிக்குத்தானே ஜெபித்தார்?

புதன்கிழமை விடியலில் ஸ்கூட்டரில் வேலைக்குப் போனேன். எதிரே வந்த வேனின் கூரை விளக்கில் கண் கூசி, ஓரத்து மணலில் சாய்ந்துவிட்டேன். முழங்காலில் சிராய்ப்புதான், அம்மாவிடம் சொல்லாதீர்கள். டிரைவர் ஓடிவந்து தூக்கினார். திட்ட வாயெடுத்தேன். வண்டியில் வருகிற பெண்கள் பத்திரமாகப் போய்ச் சேரட்டும் என்றுதான் மாட்டினாராம். நீங்கள் சொன்ன அதே காரணம், அப்பா. திட்ட முடியவில்லை.

நம் சபைப் பாட்டுப் புத்தகம் ஒன்று அனுப்புங்கள். தனியாகப் பாடினால் வரிகள் மறந்துபோகின்றன.

குக்கர் கூப்பிடுகிறது. விளக்குகளைக் கழற்றியதும் வேனைப் படம் எடுத்து அனுப்புங்கள். நீங்களும் பக்கத்தில் நில்லுங்கள். போன படத்தில் விளக்கு மட்டும்தான் இருந்தது.

உங்கள் மகள்
அக்சா