பலவீனம் என்ற கட்டம்

அப்பாவுக்கு,

வெளியூர்ல புதுசா சேர்ந்த கிடங்குல மூட்டை தூக்கச் சொல்றாங்களான்னு அம்மா கேட்கச் சொன்னாங்க.

வணிகவியல் பாடத்துக்குத் தெரிஞ்ச தொழில் ஒண்ணைப் பத்தி, பலம், பலவீனம்னு கட்டம் போட்டு எழுதச் சொன்னாங்க. நான் நீங்க ஓட்டின நம்ம ஸ்கூல் வேனைப் பத்தி எழுதினேன். 'பலவீனம்'னு இருந்த கட்டத்துல, 'ஓட்டுநருக்கு இடது கண் தெரியாது, வலதும் மங்குகிறது'னு மார்க்குக்காக உள்ளதை உள்ளபடி எழுதிட்டேன். பெற்றோர் கூட்டத்தன்னைக்கு டீச்சர் அதைச் சுவத்துல ஒட்டுவாங்கன்னு சத்தியமா நினைக்கலை.

மறுநாள் வாசல் வாசலா நின்னு ஹாரன் அடிச்சீங்க. ஒரு பிள்ளையும் ஏறலை.

அவங்க பயந்தது தப்பில்லைப்பா. முன் சீட்ல உட்கார்ந்து, இடப்பக்கம் வண்டி வந்தா நான் இருமுவேன், நீங்க பிரேக் போடுவீங்க. ரெண்டு வருஷமா அதைப் பத்தி நாம பேசினதே இல்லை. எனக்குக் காய்ச்சல் வந்த நாளெல்லாம் எப்படிப்பா ஓட்டினீங்க?

எழுத்தைப் பெருசு பெருசா எழுதியிருக்கேன். யாரையும் படிச்சுக் காட்டச் சொல்லாதீங்க.

இப்படிக்கு,
முன் சீட்டுக்காரி