பதினேழாம் எண் துண்டு

பல்லடம்
6.7.2024

அன்புள்ள பொற்கொடிக்கு,

இந்த வாரமும் ராமேஸ்வரம் வஞ்சரம்தான். ஆறு துண்டு வைத்திருக்கிறேன். ஐஸ் உருகுவதற்குள் பஸ் கண்டக்டரிடம் பெட்டியை வாங்கிவிடு.

கோவையில் வஞ்சரம் என்று விற்பதில் பாதி வேறு மீன் என்று பேப்பரில் வந்ததிலிருந்து என் கடையில் ஆளாளுக்கு வக்கீல் ஆகிவிட்டார்கள். பதினைந்து வருடமாக வாங்கும் சென்னிமலை அண்ணனே நேற்று, "ஏனுங்க அம்மணி, இது வஞ்சரந்தானுங்களா, பேரு மட்டுந்தானுங்களா?" என்றார். "தின்னுபோட்டு வந்து சொல்லுங்க" என்றேன். சிரிக்கவில்லை. ஒன்றும் வாங்காமல் போய்விட்டார். இதையெல்லாம் உங்கள் லேபில்தான் கண்டுபிடிக்கிறார்களா?

உன்
குல்சும்

கோயம்புத்தூர்
8.7.2024

அன்புள்ள குல்சும்,

மீன் வந்தது. அந்தச் செய்தி எங்களிடமிருந்து போனதுதான். பாதி என்பது மிகை. இருபத்தெட்டுத் துண்டில் பதினொன்று வஞ்சரம் இல்லை, சீலாவும் கடல்விராலும். தலையும் தோலும் போனபின் கண்ணால் சொல்ல முடியாது, டி.என்.ஏ. சொல்லிவிடும்.

நீ கவலைப்பட வேண்டாம். ஜூனில் நீ அனுப்பியதிலும் ஒரு துண்டைச் சேர்த்திருந்தேன். பதினேழாம் எண். அசல் வஞ்சரம். எழுத்தில் வாங்கித் தருகிறேன், கடையில் மாட்டிவை. சென்னிமலை திரும்பி வருவார்.

பொற்கொடி

பல்லடம்
10.7.2024

பொற்கொடிக்கு,

சென்னிமலை அண்ணன் கேட்டதில் எனக்கு வருத்தமில்லை. அவர் விலை கொடுத்து வாங்குகிறவர். ஜூனில் உனக்கு அனுப்பியது கடைச் சரக்கு இல்லை. உன் மகள் இனியா பெங்களூரிலிருந்து வருகிறாள் என்று நடுத்துண்டாகப் பார்த்து எடுத்து வைத்தது. ஹாஸ்டலில் என் தட்டிலிருந்து எடுத்துத் தின்றவள் நீ. இத்தனை வருடத்தில் நான் கொடுத்ததற்கு எண் போட்டிருக்கிறாய்.

ஒன்று மட்டும் சொல். மிச்சத்தை அவள் வந்த அன்று வறுத்துக் கொடுத்தாயா, முடிவு வரட்டும் என்று வைத்திருந்தாயா?

சான்றிதழ் வேண்டாம்.

உம்மல் குல்சும்

கோயம்புத்தூர்
14.7.2024

குல்சும்,

நேற்று மூன்று பல்லடம் பேருந்துகளைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். பெட்டி வரவில்லை.

ஒப்பிட்டுப் பார்க்க, தெரிந்த மீன் ஒன்று தேவைப்பட்டது என்று உனக்கு எழுதிப் பார்த்தேன். அது உண்மையில்லை. தெரிந்த மீனுக்கு நாங்கள் எண் போடுவதில்லை.

நீ கேட்டதற்குப் பதில்: இனியா வந்த அன்று கோழி வாங்கினேன். மீன் பதினொரு நாள் ஃப்ரீசரில் இருந்தது. முடிவு வந்த பிறகுதான் வறுத்தேன். அதற்குள் அவள் பெங்களூருக்குத் திரும்பிப் போய்விட்டாள்.

பொற்கொடி