ஒரு மணி நேரம் முன்னால்

கப்பல், எட்டாம் தளம்
மாலை ஆறரை, கப்பல் மணிப்படி

என்னவருக்கு,

நலமா என்று கேட்கக்கூடப் பயமாக இருக்கிறது. கல்யாணமாகி முப்பத்தாறு வருடத்தில் உங்களுக்குக் கடிதம் எழுதும்படி நான் எங்கேயும் போனதில்லை, நீங்களும் என்னை விட்டுப் போனதில்லை. இப்போது நான் நடுக்கடலில். நீங்கள் கரையில் எங்கே இருக்கிறீர்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. வரவேற்பு மேசைப் பெண் இதைப் படம் எடுத்துத் துறைமுகத்தில் இருக்கும் கப்பல் ஏஜெண்டுக்கு அனுப்புவாளாம். உங்களைக் கண்டுபிடித்ததும் அவர் காட்டுவாராம்.

முதல் காரியம், எது கிடைத்தாலும் உடனே சாப்பிடுங்கள். காலையில் இன்சுலின் போட்டுக்கொண்டு இறங்கியவர். மதியம் சாப்பிட்டீர்களோ என்னவோ. கை நடுங்கினால் கௌரவம் பார்க்காமல் யாரிடமாவது சர்க்கரை கேளுங்கள். வயிற்றைத் தட்டி வாயைக் காட்டினால் எந்த ஊர்க்காரனுக்கும் புரியும்.

எல்லாம் அந்தப் பாழாய்ப்போன பன்னால் வந்தது. கப்பல் ஏறுவதற்கு முன் தங்கினோமே, அந்த இரண்டாவது நகரத்து ஹோட்டலில் காலைச் சாப்பாட்டின்போது இரண்டு பன்னைக் காகிதத்தில் சுற்றிக் கைப்பையில் வைத்தேன். "பஞ்சத்துல அடிபட்டவ மாதிரி எதுக்குடி அள்ளிப் போடுற? மானத்த வாங்காத" என்று எல்லார் முன்னாலும் கத்தினீர்கள். பக்கத்து மேசைப் பல் டாக்டர் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பதினொரு மணிக்கு உங்களுக்குச் சர்க்கரை இறங்குமே, அதற்குத்தான் எடுத்தேன். அதைச் சொல்லாமல் பேச்சை நிறுத்திவிட்டேன். பன் எடுப்பதையும் நிறுத்திவிட்டேன்.

வீட்டில் என்றால் மகள் நடுவில் நின்று தூது போவாள். "உங்கம்மாகிட்ட சொல்லு" என்பீர்கள், "உங்கப்பாகிட்ட கேளு" என்பேன், காரியம் நடந்துவிடும். இங்கே யார் இருக்கிறார்கள்? தீப்பெட்டி மாதிரி ஒரு அறையில் மூன்று நாள் முட்டி மோதிக்கொண்டு கிடந்தோம், வாயைத் திறக்கவில்லை. இன்று காலை நீங்கள் கண்ணாடியைப் பார்த்து, "நான் எறங்கி ஒரு சுத்து சுத்திட்டு வரேன். வர்றவங்க வரலாம்" என்றீர்கள். நான் தலையணையைப் பார்த்து, "கால்வலிக்காரங்க எங்கயும் வரல" என்றேன்.

இனி எழுதப்போவதைப் படித்துவிட்டு என்னைத் திட்டுங்கள். நேற்றுச் சாயங்காலம் கதவுக்கு அடியில் ஒரு சீட்டு வந்தது. கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைக்கச் சொல்லியிருந்தது. நான் என்னுடையதைத் தள்ளி வைத்தேன். சீட்டை மடித்துக் கைப்பையில் போட்டேன். அவராக வந்து பேசட்டும், அப்போது சொல்லலாம் என்று இருந்தேன். பிறகு மறந்துவிட்டது. இல்லை, பொய் எதற்கு. நீங்கள் இறங்கிய அரை மணியில் நினைவு வந்தது. அப்போது உங்கள் செல்போன் இங்கே சார்ஜரில் தொங்கிக்கொண்டிருந்தது. ஊரில் மணிக்கூண்டு இல்லாமலா போகும் என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன். பஸ் டிப்போவில் முப்பத்திரண்டு வருடம் டைம் கீப்பராக இருந்த மனுஷன் தன் கைக்கடிகாரத்தைத் தவிர எதையும் நம்பமாட்டார் என்று எனக்குத் தெரியாதா?

நாலு மணிக்குப் புறப்பாடு. நம் அறை எண்ணை மூன்று தடவை ஒலிபெருக்கியில் சொன்னார்கள். ஐந்து நிமிடம் பொறுங்கள் என்று வாசலில் நின்ற கப்பல் அதிகாரியிடம் கையெடுத்துக் கும்பிட்டேன். முடியாதாம். கைக்குழந்தையோடு நான் ஓடி வந்ததைப் பார்த்தும் நீங்கள் விசில் ஊதி பஸ்ஸை அனுப்பினீர்களே, அந்த நாள் ஞாபகம் வந்தது. யாரை நான் திட்ட?

கயிற்றை அவிழ்த்த பிறகுதான் உங்கள் மஞ்சள் தொப்பி தெரிந்தது. ஓடிக்கூட வரவில்லை, இன்னும் நேரம் இருக்கிற ஆள் மாதிரி நிதானமாக நடந்து வந்தீர்கள். பிறகு நின்று மணி பார்த்தீர்கள். "ஏங்க! ஏங்க!" என்று கத்தினேன். வழியனுப்புகிறேன் என்று நினைத்து என் பக்கத்தில் நின்றவர்களும் உங்களுக்குக் கை ஆட்டினார்கள். ஏஜெண்ட் அங்கே வந்து சேர்வதற்குள் நீங்கள் இல்லையாம். எங்கே போனீர்கள்? அங்கேயே உட்கார்ந்திருக்கக் கூடாதா?

கையில் ஒரு காகிதப் பை வைத்திருந்தீர்கள். தின்கிற பொருளாக இருந்தால் தின்றுவிடுங்கள். எனக்கென்று வாங்கியதாக இருந்தாலும் தின்றுவிடுங்கள்.

மகளிடம் சொல்லிவிட்டேன். "கப்பல்லயுமாம்மா பேசாம இருந்தீங்க?" என்று அழுகிறாள். 

இன்னொரு கூத்தும் நடந்துவிட்டது. வராதவர்களின் பாஸ்போர்ட்டை ஏஜெண்டுக்காகத் துறைமுக அலுவலகத்தில் விட்டுப்போவது கப்பல் வழக்கமாம். புறப்படுமுன் வந்து கேட்டார்கள். பிரிந்தால் தொலைந்துவிடும் என்று நீங்கள் இரண்டையும் ஒரே ரப்பர் பேண்டில் கட்டி வைத்திருப்பீர்களே, பதற்றத்தில் அப்படியே தூக்கிக் கொடுத்துவிட்டேன். என்னுடையதும் அதில் போய்விட்டது. மருந்துப் பையைக் கொடுக்கத் தோன்றவில்லை பாருங்கள், அது என் மடியில் இருக்கிறது. அடுத்த ஊரில் பாஸ்போர்ட் இல்லாமல் என்னை இறங்க விடமாட்டார்களாம்.

நாளை மறுநாள் காலை எட்டு மணிக்கு அந்தத் துறைமுகம். ஏஜெண்ட் உங்களை விமானத்தில் ஏற்றிவிடுவார். ரப்பர் பேண்டைப் பிரிக்காமல் கொண்டு வாருங்கள். நான் கீழ்த்தளத்துப் படியிலேயே நிற்பேன். நீங்கள் நல்லபடியாக வந்து சேர்ந்தால் போதும், வேறெதுவும் கேட்கமாட்டேன்.

உங்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வையுங்கள்.

இப்படிக்கு,
உங்களோடு பேசிக்கொண்டிருக்கும்,
உங்கள் மனைவி