உரிமையாளர் ஹுஸ்னிக்கு

பலாபத்வல
13.06.2025, வெள்ளி

கத்தாரில் இருக்கும் என் மகள் ஸஜீதாவின் மகன் ஹுஸ்னிக்கு, ஸலாம்.

ஸலாம் சொல்வது கடமை, அதனால் முதலில் சொல்லிவிட்டேன். இங்கே எல்லோரும் சுகம். உன் சுகத்தை நான் கேட்கவில்லை. இவ்வளவு கோபத்தை ஒரு மாதமாகச் சுமந்து திரிகிறவனுக்கு உடம்பு நன்றாகத்தான் இருக்கும்.

பிள்ளைகளின் செய்தியை எழுதுகிறேன். உன் மாமா மகன் றம்ஸி நில அளவைத் திணைக்களத்தில் நிரந்தரமாகிவிட்டான். இப்போது நாவுலப் பக்கம் காணி அளக்கப் போகிறான். தொப்பி போட்டுக்கொண்டு காணி அளக்கும் கருவியின் முக்காலிக்குப் பக்கத்தில் நிற்கும் போட்டோவைச் சட்டம் போட்டுக் கொண்டுவந்து என் கையில் தந்தான். அவன் தங்கை நஸ்ரியா பேராதனையில் பல் வைத்தியத்துக்கு மூன்றாம் வருடம். என் வாயைத்தான் முதலில் திறந்து பார்த்தாள். நான்கு பல் மிச்சம் என்று சொல்ல மூன்று வருடம் படிக்கத் தேவையில்லை, ஆனாலும் வெள்ளைக் கோட்டோடு சொல்லும்போது கேட்க நன்றாக இருந்தது. அவர்களுடைய கடைக்குட்டி ஷிமாஸ் ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசிலில் நூற்று எழுபத்தொன்று. நான் படிப்பை நிறுத்திய வகுப்பில் அவன் தொடங்குகிறான். உன் தங்கை றுஸ்னா மாத்தளை டவுனில் ஆறு மாதம் க்ளவுட் நிர்வாகம் படித்து, இருபத்திரண்டு பேரில் முதலாவதாக வந்திருக்கிறாள். கொழும்பில் ஒரு கம்பனியில் வேலை. ஜூலை முதலாம் திகதி வரச் சொல்லியிருக்கிறார்கள்.

எனக்குப் பேரப்பிள்ளைகள் ஐந்து பேர். நான்கு பேரை எழுதியிருக்கிறேன். எண்ணிப் பார்த்துக்கொள்.

பிறந்த நாளில் இருந்து உன்னை நான் "நீங்க" என்றுதான் கூப்பிட்டேன். இன்று "நீ" என்று எழுதுகிறேன். அதுவே உனக்குப் போதிய செய்தி. ஆனாலும் மிச்சத்தையும் எழுதாமல் விடமாட்டேன். போனில் சொல்லியும் பார்த்தேன். பெருநாள் அன்று நான் அழுது பேசி அனுப்பிய வொய்ஸுக்கு நீ ஒரு கட்டைவிரலை அனுப்பினாய். அதனால்தான் இதைக் காகிதத்தில் எழுதி, ஞாயிற்றுக்கிழமை கத்தார் திரும்பும் இத்ரூஸின் கையில் கொடுத்து விடுகிறேன். "அவன் வாசித்து முடியும்வரை பக்கத்திலேயே நில்லு, டீ கொடுத்தாலும் குடிக்காதே" என்று இத்ரூஸிடம் சொல்லியிருக்கிறேன். இப்போது அவன் நின்றுகொண்டிருப்பான். அவனைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம்.

க்ளவுட் நிர்வாகத்தைப் பற்றி இந்தக் கிழவிக்கு என்ன தெரியும் என்று நீ நினைப்பாய். உன் தங்கை மத்ரஸாவில் பழகிய மாதிரி, எதையும் சத்தமாகத்தான் படிப்பாள். அவள் படிக்கும்போது நான் சாதிக்காயைச் சுற்றியிருக்கும் வசுவாசியை உரித்துக்கொண்டு பக்கத்தில் இருப்பேன். ஆறு மாதம் கேட்டேன். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றதே தவிர, காது நிற்கவில்லை. நம்முடைய வேலையையும் பெயர் விபரங்களையும் எங்கேயோ இருக்கும் ஒருவருடைய பெரிய இயந்திரத்தில் வைத்துவிட்டு, இங்கிருந்து அதைப் பார்த்துக்கொள்வதுதான் அந்த வேலை. முதல் பாடம் என்ன தெரியுமா? கணக்கைத் திறந்தவனுடைய உரிமையாளர் நுழைவைத் தினசரி வேலைக்குத் தொடக்கூடாது. பூட்டி வைத்துவிட வேண்டும், ஏனென்றால் அதை எதுவும் தடுக்காது. இரண்டாவது, ஆளுக்கு அவனவன் வேலைக்குத் தேவையான அளவுதான் அனுமதி. ஒரு பிடி கூடக் கூடாது. மூன்றாவது, பிரதி எடுத்து வேறு இடத்தில் வை. எடுத்தால் மட்டும் போதாது, அதில் இருந்து மீட்டுப் பார். நான்காவது, யார் எந்த நேரம் உள்ளே வந்தார், எதைத் தொட்டார் என்பதெல்லாம் பதிவாக வேண்டும்.

நீ பத்து வருடமாகக் கொம்பியூட்டர் வேலை செய்கிறாய். முதல் பாடத்திலேயே தோற்றுப் போனாய்.

நடந்ததை உனக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஆனால் நீ உன் உம்மாவிடம் "அது தானா மூடியிருக்கும்" என்று சொன்னாயே, அதற்காகச் சொல்கிறேன். படிப்பின் கடைசி வேலையாக, வில்கமுவப் பக்கத்துக் கமக்காரர் சங்கம் ஒன்றின் தண்ணீர் முறையை றுஸ்னாவிடம் கொடுத்திருந்தார்கள். எந்த வயலுக்கு எந்த நாள், எந்த நேரம் வாய்க்கால் திறக்கும் என்று நூற்று நாற்பது பேருக்கு முதல் நாளே போனில் செய்தி போக வேண்டும். மூன்று மாதம் ஒரு நாள் பிசகாமல் போனது. மே பதினாறாம் திகதி, வெள்ளிக்கிழமை, பின்னேரம் மூன்றுக்குப் பத்து நிமிடம் இருக்க, உன் தங்கையின் போனில் ஒரு சத்தம் வந்தது. உரிமையாளர் நுழைவை யாராவது தொட்டால் தனக்குச் செய்தி வர வேண்டும் என்று அவள் முன்பே செய்து வைத்திருந்தாள். அது பாடத்தில் இருக்கிறது. அவள் அதைக் கள்வர்களுக்காகச் செய்தாள். வந்தது கூடப் பிறந்த நாநா.

அடுத்த ஐந்து நிமிடத்தில் அவளுடைய அனுமதிகள் ஒவ்வொன்றாகப் போயின. நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். அவள் கத்தவில்லை. "மூத்தும்மா, நாநா உள்ளுக்கு வந்தீக்கார்" என்றாள். விருந்தாளி வந்ததைச் சொல்லுகிற மாதிரிச் சொன்னாள். பிறகுதான் அவள் முகம் மாறியது.

ஜும்ஆ தொழுதுவிட்டு வந்துதானே அதைச் செய்தாய்?

அன்று மாலை நீ உன் உம்மாவிடம் பேசியதை ஸ்பீக்கரில் நானும் கேட்டேன். "அவளுக்கு வேல தேவல்ல உம்மா. நான் யாருக்காக இங்க கெடந்து மாரடிக்கிறேன்? கொழும்புல பொம்பளப் புள்ள தனிய நிண்டா ஊரு என்னா சொல்லும்?" என்றாய். ஊர் என்ன சொல்லும் என்று இந்த ஊரிலேயே இருக்கும் என்னிடம் கேட்டிருக்கலாம். நீ இருபத்தொரு வயதில் பிளேன் ஏறினாய். எங்கே படுக்கிறாய், யாரோடு சாப்பிடுகிறாய் என்று எந்த ஊர் கேட்டது? உன் உம்மா கேட்டாள். அதற்கும் நீ பதில் சொல்லவில்லை.

மறுநாள் செய்தி போகவில்லை. பதினொரு பேர் தண்ணீர் முறையைத் தவறவிட்டார்கள். ஒரு வயதாளி சிங்களத்தில் போன் எடுத்து, "மகளே, எங்கள் தண்ணீர் போய்விட்டதா, இனித்தான் வருமா?" என்று கேட்டார். ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் ஏசவில்லை. அவர்கள் அடுத்த முறைக்கு ஐந்து நாள் காத்திருந்தார்கள். மே மாத வெயில் அங்கே எப்படி என்று உனக்குத் தெரியும். அவர்களுக்கும் உனக்கும் என்ன பகை?

படிப்பித்த சிவதர்ஷினி மிஸ் யாழ்ப்பாணத்துப் பிள்ளை. வீட்டுக்கே வந்தாள். "பிள்ளை, இந்தக் கணக்கு ஆற்றை பேரிலை கிடக்கு?" என்று ஒரே கேள்வி. உன் பெயரில் என்று றுஸ்னா சொல்ல வேண்டியதாயிற்று. பிறகு என்ன செய்தாள் என்று நினைக்கிறாய்? மூன்றாவது பாடத்தைச் செய்தாள். கிழமைக்கு ஒருமுறை எடுத்து வேறு இடத்தில் வைத்திருந்த பிரதி அவளிடம் இருந்தது. தன் பெயரில், தன் நம்பரில், தன் வங்கி அட்டையில் புதுக் கணக்குத் திறந்தாள். மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. நான்காம் நாள் விடிய நூற்று நாற்பது பேருக்கும் செய்தி போனது. நீ வீட்டைப் பூட்டினாய். அவள் வேறு வீடு கட்டிவிட்டாள். பெருமைக்காகத்தான் எழுதுகிறேன். உனக்கு எரியட்டும் என்றும் எழுதுகிறேன்.

ஏன் வேலை நின்றது என்று அவள் ஒரு அறிக்கை எழுதிக் கொடுக்க வேண்டி இருந்தது. நீ வந்த நேரம், தொட்ட இடம், உன் மெயில் முகவரி எல்லாம் அவளிடம் இருந்தது. நான் அந்த அறிக்கையை எழுத்துக் கூட்டி வாசித்தேன். உன் பெயர் ஓரிடத்திலும் இல்லை. "கணக்கு என் பெயரில் திறக்கப்படவில்லை. தவறு என்னுடையது" என்று எழுதியிருக்கிறாள். ஏன்டி இப்படி எழுதினாய் என்று நான் சத்தம் போட்டேன். "நாநாட பேரு அதுல வரத் தேவல்ல மூத்தும்மா. நம்பர் யார்டதுண்டு யோசிக்காமத் தொறந்தது நான்தானே" என்றாள். கொழும்புக் கம்பனியில் அவளுடைய பைலில் முதல் காகிதம் அதுதான்.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

பழைய கணக்கு இன்னும் உன் கையில் திறந்தே கிடக்கிறது. அதற்குள் நூற்று நாற்பது பேருடைய பெயர், போன் நம்பர், வயல் இலக்கம் எல்லாம் இருக்கிறது. அதை அழித்து, கணக்கை மூடியதற்கு அத்தாட்சி வரும்வரை நற்சான்றுக் கடிதத்தில் கையெழுத்துப் போட மாட்டேன் என்று சங்கத்துச் செயலாளர் சொல்லிவிட்டார். அவர் சொல்வது நியாயம். அந்தக் கடிதத்தை இருபத்தைந்தாம் திகதிக்கு முன் கொழும்புக்கு அனுப்பாவிட்டால் வேலை வேறு ஆளுக்கு. றுஸ்னா உனக்கு மூன்று தரம் எழுதினாள். மூன்றையும் நீ பார்த்தாய் என்று நீல அடையாளம் காட்டியது. மூட உன்னைத் தவிர வேறு யாராலும் ஏலாது. உனக்கு வேண்டியிருந்ததும் அதுதானே? இதோ, கிடைத்துவிட்டது. சந்தோஷமா?

அழி. மூடு. மூடியதாக வரும் மெயிலை அவளுக்கு அனுப்பு. இத்ரூஸ் இன்னும் பக்கத்தில்தான் நிற்கிறான்.

இன்னொன்றையும் எழுதாவிட்டால் இந்தக் கடிதம் பொய்யாகிவிடும். கணக்குத் திறந்த அன்று போன் நம்பர் கேட்டது. றுஸ்னா தன் நம்பரைத்தான் போடப் போனாள். நான்தான் தடுத்தேன். "பொம்பளப் புள்ளட நம்பர ஊர் பேர் தெரியாத இடத்துக்குக் குடுக்காதீங்க மகள், நாநாடத போடுங்க" என்றேன். நம்பரோடு மெயிலும் உன்னுடையதைப் போட்டாள், உரிமையாளர் நீயாகிவிட்டாய். இந்த வீட்டில் காஸ் சிலிண்டர் பதிந்தாலும், ஸிம் வாங்கினாலும், கரண்ட் பில் வந்தாலும் ஆண் பெயர்தான். அது பாதுகாப்பு என்று எழுபத்து நான்கு வருடம் நினைத்தேன். உன் தங்கை தன் தவறு என்று எழுதினாள். அது அவள் தவறு இல்லை. உன் கையில் அந்தத் திறப்பை, அந்தச் சாவியை, தந்தவள் நான். ஆனால் திறப்பைத் தந்தது பூட்டுவதற்காக இல்லை, மகன்.

அவள் புதுக் கணக்குத் திறந்த கிழமை நான் மாத்தளை டவுனுக்குப் பஸ் ஏறி போன் கடைக்குப் போனேன். என் ஸிம் பதினான்கு வருடமாக உன் மூத்தாப்பா பெயரில்தான் இருந்தது. அவர் மௌத்தாகியே ஒன்பது வருடம். கடையில் இருந்த பிள்ளை, "யாகூப் என்கிறவர் வர வேணும்" என்றாள். வந்தால் நீதான் அவரோடு பேச வேண்டும் என்றேன். மரணச் சான்றிதழ், அடையாள அட்டை எல்லாம் கொடுத்து, இரண்டு தரம் அலைந்து, என் பெயருக்கு மாற்றிக்கொண்டு வந்தேன். இந்தக் கிழவி அதைச் செய்தாள் என்றால், நீ ஒரு பொத்தானை அழுத்துவது பெரிய காரியம் இல்லை.

ஐந்து வக்துத் தொழுகையிலும் உங்கள் ஐந்து பேருக்கும் பெயர் சொல்லித் துஆக் கேட்கிறவள் நான். இந்த ஒரு மாதம் நான்கு பெயர்தான் சொன்னேன். ஐந்தாவதற்கு, "யா அல்லாஹ், இன்னொருவனும் இருக்கிறான்" என்று மட்டும் சொன்னேன். யார் என்று அவனுக்கு விளங்கும். உன் கோபத்தை அவன் உன்னிடம் இருந்து எடுக்கட்டும். உன் ரிஸ்கில், நீ சாப்பிடும் சோற்றில், பரகத் செய்யட்டும். தனிமையில் உன் மனதைக் கெடுக்காமல் வைக்கட்டும். ஆமீன்.

ஹோலில் உங்கள் போட்டோக்கள் வரிசையாக இருக்கின்றனவே, அதில் உன்னுடையதைப் பெருநாள் அன்று கழற்றி அலுமாரியில் வைத்துவிட்டேன். பதினாறு வயதில் எடுத்தது. றுஸ்னாவைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு ஸ்கூலுக்குப் போன பிள்ளை அவன். அவனைப் பார்த்துக்கொண்டு இந்த மாதம் என்னால் சோறு தின்ன ஏலவில்லை. ஆணியைப் பிடுங்கவில்லை. இப்போது முடி கொட்டியிருக்கிறதா, மெலிந்திருக்கிறீங்களா என்று எனக்குத் தெரியாது. அந்தக் கணக்கை மூடின அன்றைக்கே ஒரு புதுப் போட்டோ எடுங்க. போனில் அனுப்ப வேண்டாம். கையில் பிடித்துப் பார்க்கிற மாதிரிக் கழுவி, தபாலில் போடுங்க மகன்.

உங்கள் மூத்தும்மா,
ஸுபைதா