பாஸ்கா விரிப்பில் விழுந்த புளித்த மாவு

அக்கா,

இன்று காலை என் மருமகள் மாவுச்சட்டியை அடுப்புக்குப் பக்கத்திலேயே வைத்து மறந்துவிட்டாள். புழுக்கத்தில் மாவு பொங்கி, மூடியைத் தள்ளிக்கொண்டு தரையெல்லாம் ஓடிக் கிடந்தது. அந்தப் புளித்த வாடை மூக்கில் ஏறியதும் எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. "வயசானா எல்லாம் குமட்டத்தான் செய்யும்" என்று முனகிக்கொண்டே அவள் துடைத்தாள். வயசுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? பதினேழு வயதிலேயே எனக்கு இந்த வாடை ஆகாமல் போயிற்று. ஏன் என்று இந்த வீட்டில் யாருக்கும் நான் சொன்னதில்லை.

மூன்றாம் வகுப்போடு நின்றவள் நான். எழுத்து கோணலாகத்தான் வரும். ஆனால் எனக்கு ஒன்றும் மறக்காது. அது என் வியாதி.

நான் கல்யாணமாகி அந்தத் தெருவுக்கு வந்தபோது நீங்கள் பக்கத்து வீடு. இரண்டு வீட்டுக்கும் நடுவில் இடுப்பளவுச் சுவர். உங்கள் வீட்டுக்காரர் சங்குக்கடையில் முத்துத் தரம் பிரிக்கிறவர். கொச்சியிலிருந்து வந்த யூதக் குடும்பம் என்று தெருவுக்கே தெரியும். உங்கள் பேரைச் சொல்லி ஒருத்தியும் கூப்பிட்டதில்லை. கொச்சிக்காரி, அவ்வளவுதான். உங்கள் வீட்டுக்குள் யாரும் கால் வைக்கமாட்டார்கள். நான்தான் என் மாமியார் தூங்குகிற நேரம் பார்த்துச் சுவரேறி வந்துவிடுவேன்.

அந்த வருஷம் சண்டைக்காலம். கொழும்புக்குப் போன உங்கள் வீட்டுக்காரர் கப்பல் கிடைக்காமல் அங்கேயே மாட்டிக்கொண்டார். ரயிலெல்லாம் பட்டாளத்துக்காரர்கள். உங்களால் கொச்சிக்கும் போகமுடியவில்லை. உங்கள் எட்டு நாள் பண்டிகை, பாஸ்கா, வந்துகொண்டிருந்தது. முதல் ராத்திரிச் சாப்பாட்டில் வீட்டின் கடைசிப் பிள்ளை நாலு கேள்வி கேட்கவேண்டும், பெரியவர்கள் எகிப்திலிருந்து தப்பி வந்த கதையைப் பதிலாகச் சொல்லவேண்டும் என்று எனக்குச் சொல்லியிருந்தீர்கள். உங்கள் மகளுக்கு அப்போது ஏழு வயது. இந்த ஊரில் வேறு யூத வீடே கிடையாது.

"இவ அப்பன் இல்லை, கோயில் இல்லை, ஆளும் இல்லை. இந்தக் கொல்லம் நான் சொல்லிக் கொடுக்கலைன்னா இவகிட்ட இது நின்னு போகும், மோளே" என்றீர்கள். கொல்லம் என்றால் உங்கள் ஊரில் வருஷம்.

ரேஷனில் அரிசி இல்லாமல் கோதுமையைத் தள்ளிவிட்ட நாட்கள் அவை. நீங்கள் சுளகில் கோதுமையைப் பரப்பி ஒவ்வொரு மணியாகப் பார்த்தீர்கள். நனைந்து முளை கண்டது ஒன்றுகூட இருக்கக்கூடாது என்று பாதிக்குமேல் கழித்துவிட்டீர்கள். பொறுக்க மட்டும் என்னை விட்டீர்கள். மாவு பிசையும்போது, "தொடண்டா, பார்த்துக்கிட்டு இரு" என்று தள்ளி உட்காரவைத்தீர்கள். மாவில் தண்ணீர் பட்டதும் உங்கள் கை பறந்தது. கால் மணி நேரத்துக்குள் கல்லில் போட்டு எடுத்தாக வேண்டும், தாமதித்தால் புளிப்பு ஏறிவிடும் என்றீர்கள். தட்டையாய், காய்ந்து, அங்கங்கே கருகி வந்த அந்த அப்பத்தைப் பார்த்து, "இதையா எட்டு நாளும் திம்பீக?" என்று கேட்டேன். "அடிமைக்கு மாவு புளிக்கிற வரை காத்திருக்க நேரம் ஏது?" என்று சிரித்தீர்கள்.

எங்களுக்கு அது ஆண்டவர் சிலுவையில் மரித்த பெரிய வாரம். அந்தச் செவ்வாய்க்கிழமை சாயங்காலம், வீட்டில் புளித்தது எதுவும் மிஞ்சாமல் தேடி எடுக்கிற சடங்குக்காக ரொட்டித் துண்டுகளை மூலைமூலைக்கு ஒளித்துவைத்தீர்கள். பிள்ளை ஒரு கையில் மெழுகுதிரியும் மறு கையில் கோழி இறகுமாகத் தேடியது. கட்டிலுக்கடியில் ஒரு துண்டு கிடைத்ததும் அது போட்ட கூச்சல் இன்னும் என் காதில் இருக்கிறது. ஒரு பொருக்கு மிச்சமில்லாமல் இறகால் கூட்டி அள்ளினீர்கள். மறுநாள் காலையில் முற்றத்தில் எரித்தீர்கள்.

இங்கேதான் என் புத்தி போன போக்கைச் சொல்லவேண்டும்.

புதன்கிழமை காலை, எங்கள் குசினியில் மைனி மாவு கரைத்துக்கொண்டிருந்தாள். என் வீட்டுக்காரரின் அக்கா. அதே ரேஷன் கோதுமை மாவுதான், கள் ஊற்றி ஆப்பத்துக்கு.

"ஏளா, கொச்சிக்காரி வீட்டுல காலையிலேயே என்னத்தப் போட்டு எரிக்கா? சூனியமா?" என்று கேட்டாள்.

எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. தெருவில் யாருக்கும் தெரியாத சங்கதி எனக்கு மட்டும் தெரியும் என்ற பெருமை வேறு. "சூனியமுமில்ல ஒண்ணுமில்ல மைனி. புளிச்சது எதுவும் வீட்டுல இருக்கக் கூடாதாம். இந்தா நீங்க கரைக்கீங்கள்லா, இதுல ஒரு துளி பட்டாப் போதும், அவ்வளவு பாடும் போச்சு" என்றேன்.

"ஒரு துளி போதுமா?" என்றாள் மைனி. அப்படித்தான் கேட்டாள். நான் தலையை ஆட்டினேன்.

அன்று விளக்கு வைக்கிற நேரம். நீங்கள் பாய்மேல் வெள்ளை விரிப்பு விரித்து, உப்புத்தண்ணீர், கசப்புக்கீரை, பேரீச்சம்பழப் பாகு எல்லாம் வைத்திருந்தீர்கள். அப்பம் கூடைக்குள் மூடியிருந்தது. பசித்தவர் யாரானாலும் வந்து உண்ணட்டும் என்று சொல்லிவிட்டு நீங்களே போய் வாசல்கதவை அகலத் திறந்து வைத்தீர்கள். சுவருக்கு இந்தப் பக்கம் நின்று உங்கள் ஜன்னல் வழியே நான் எல்லாம் பார்த்துக்கொண்டிருந்தேன். பிள்ளை எழுந்து நின்று முதல் கேள்வியைக் கேட்டது. இரண்டாவதை ஆரம்பித்தது.

மைனியும் இன்னும் இரண்டு பேரும் தெருவழியாய் வந்தார்கள். திறந்த கதவு அவர்களுக்கு வசதியாகப் போயிற்று. சட்டியோடு மாவை உள்ளே வீசினாள். அது விரிப்பின் நடுவில் விழுந்து உடைந்து, கீரையிலும் பாகிலும் பிள்ளையின் பாவாடையிலும் வழிந்தது.

"ஆண்டவரக் கொன்னவளுக்குப் பெரிய வாரத்துல விருந்து கேக்குதோ, விருந்து!"

கள் வாடை சுவர் தாண்டி என்மேல் வந்தது. நான் கையை மடக்கி நின்றேன், அவ்வளவுதான். நீங்கள் அந்த மூன்று பேரையும் பார்த்தீர்கள். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பி என்னையும் ஒருதரம் பார்த்தீர்கள்.

"அம்மே, இனி நான் கேக்க வேண்டாமா?" என்றது பிள்ளை.

"கேக்கணும். முதல்லேருந்து."

அப்பக்கூடையை எடுத்தீர்கள். பிள்ளைக்கு வேறு பாவாடை மாற்றினீர்கள். முற்றத்தில் கிணற்றடிக் கல்லில் உட்கார்ந்தீர்கள். விரிப்பு இல்லை, பாகு இல்லை. பிள்ளை விக்கி விக்கிக் கேட்டது, நாலு கேள்வியும் கேட்டு முடித்தது. எப்போதும் உங்கள் பாஷையில் சொல்லுகிற பதிலை அன்றைக்குத் தமிழில் சொன்னீர்கள். தெருவுக்கே கேட்கும்படி சத்தமாகச் சொன்னீர்கள். செங்கல் அறுத்த கதை, பிள்ளைகளை ஆற்றில் போட்ட கதை, கடல் பிளந்த கதை. சுவருக்கு மேலே வரிசையாய்த் தலைகள்.

கோடிவீட்டுக் கிழவி ஒருத்தி, "ஏளா, இது நம்ம மோயீசன் கதையில்லா? கோயில்ல சாமியார் வாசிக்கதுதான?" என்று வாயைப் பிளந்தாள்.

"நம்மகிட்டேருந்துதான் களவாண்டிருப்பா" என்றாள் மைனி.

சுவரடியில் குனிந்து வாந்தி எடுத்தேன். பிள்ளையுண்டாயிருக்கிறேன் என்று மாமியார் சந்தோஷப்பட்டாள்.

அந்த அறையைப் பூட்டிவிட்டு எட்டு நாளும் நீங்கள் இருவரும் முற்றத்திலேயே ஆக்கித் தின்றீர்கள். மறுநாள் காலை சுவருக்கு மேலே கை நீட்டி எனக்குப் பாதி அப்பம் கொடுத்தீர்கள். உங்களுக்கு ஒன்றும் தெரியாது என்று நினைத்து நிம்மதியாய்த் தின்றேன்.

வெள்ளிக்கிழமை கோயிலில் சிலுவையை முத்தி செய்கிறபோது மைனி அழுத அழுகையைக் கேட்டிருக்கவேண்டும். கோயிலிலேயே அவள் சத்தம்தான் பெரிது. அந்த வாயால் சிலுவையைத் தொட்டாளே என்று எனக்கு உடம்பெல்லாம் கூசியது. நான் பாவசங்கீர்த்தனத்தில் நடந்ததை எல்லாம் சொன்னேன். சாமியார் பரிகாரமாக மூன்று அருள்நிறை மந்திரம் சொல்லச் சொன்னார். மூன்றே மூன்று. கோள் சொன்னதற்காம். மாவு வீசினதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மைனி செத்தபோது குழிக்குள் எல்லாரும் ஒரு பிடி மண் போட்டார்கள். நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். அவள் இன்றைக்குச் செத்தாலும் அப்படித்தான் நிற்பேன்.

சண்டை முடிந்து உங்கள் வீட்டுக்காரர் வந்துசேர்ந்ததும் ஊரைவிட்டே கிளம்பினீர்கள். ஸ்டேஷனுக்கு நான் மட்டும்தான் வந்தேன். பெட்டியெல்லாம் ஏற்றி, நீங்கள் ஜன்னலோரம் உட்கார்ந்த பிறகுதான் எனக்கு வாய் வந்தது.

"அக்கா, மைனிகிட்ட நாந்தான் சொன்னேன். புளிச்சது படக்கூடாதுன்னு நாந்தான் சொன்னேன்."

"தெரியும், மோளே. என் வீட்டுக்குள்ள வந்தவ நீ ஒருத்திதானே" என்றீர்கள்.

வண்டி நகர்ந்துவிட்டது. பிள்ளை கையாட்டியது. நீங்களும் ஆட்டினீர்கள்.

பிறகு எத்தனையோ வருஷம் கழித்து, கடல் தாண்டிய ஊரிலிருந்து உங்கள் மகளின் கடிதம் வந்தது. மலையாளம் தெரிந்த ஒருவரைப் பிடித்து வாசிக்கச் சொன்னேன். அம்மை போய்விட்டாள் என்று எழுதியிருந்தாள். இப்போது தன் பேரப்பிள்ளை கேள்வி கேட்கிறது, தான் பதில் சொல்லுகிறேன், கிணற்றடியையும் சேர்த்துத்தான் சொல்லுகிறேன் என்று எழுதியிருந்தாள். அந்தக் கதையில் நான் எப்படி வருகிறேன் என்று எழுதவில்லை. கேட்டு எழுத எனக்குத் துணிவில்லை.

அக்கா, நான் யாரிடம் என்ன மனத்தாங்கல் வைத்திருக்கிறேன் என்று என் பிள்ளைகளுக்கு மனப்பாடம். உங்கள்மேலும் ஒன்று உண்டு. அது அவர்களுக்குத் தெரியாது. அன்றைக்குச் சுவர்ப்பக்கம் திரும்பியபோதே உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்தும் மறுநாள் அப்பத்தைப் பாதியாய்ப் பிட்டுக் கொடுத்தீர்கள். என்னை ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம். சண்டாளி என்று ஒரே ஒரு வார்த்தை. திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பேன், அழுதிருப்பேன், இத்தனை வருஷத்தில் அது ஆறியும் போயிருக்கும். திட்டாமலே போய்விட்டீர்கள். அதற்கு உங்களை நான் மன்னிக்கவில்லை.