ஊதா விளக்கில் மின்னிய சட்டை

மார்ச் 4, புதன்

இன்று ஆலை மருத்துவ அறையில் இருந்தவர்கள்: நர்ஸம்மா, எதிர்வீட்டு அக்கா, வெல்டர் மனைவி, அவள் இடுப்பில் குழந்தை, நான். ஆண்கள் ஒருவரும் இல்லை. நிலக்கரியை எரிவாயுவாக்கும் வேலை அவர்களுடையது, கூப்பிட்டது எங்களை! "துணி துவைக்கிறது நீங்கதானே?" என்றார் நர்ஸம்மா.

மூன்று தண்ணீர் அலசிய என் வீட்டுக்காரர் சட்டையை மேசையில் விரித்தேன், கொஞ்சம் பெருமையோடுதான். நர்ஸம்மா திரையை இழுத்துவிட்டு அதன்மேல் ஊதா விளக்கைக் காட்டினார். கடவுளே! சட்டை முழுக்கப் பளபளவென்று மின்னுகிறது. நிலக்கரித் தாராம். என் விரல்களிலும் மின்னியது! தோலில் வருடக்கணக்கில் ஊறினால் புற்றுநோய் வரைக்கும் போகலாமாம்.

இவர் முழங்கைக்குக் கீழே ஆறாமலே இருக்கும் அந்தப் பரு. டாக்டரிடம் காட்டமாட்டேன் என்கிறாரே!

மார்ச் 5

சொல்லிப் பார்த்தேன். "ஆலையிலேயே குளிச்சிட்டு, அழுக்குத் துணிய அங்கேயே போட்டுட்டு வாங்களேன்."

"குளிச்சு தலை வாரிட்டு பஸ் ஏறினா, 'வாங்க மாப்ளே, பொண்ணு எங்க?'ன்னு கேப்பானுங்க. அதுக்குள்ள பஸ்ஸும் போயிடும்."

கறுத்த சட்டையோடு இறங்கினால்தான் உழைப்பாளியாம். பருவைப் பற்றிக் கேட்டால், "கொசுக்கடி." எந்தக் கொசு இத்தனை மாதம் கடிக்கும்?

மார்ச் 6

பிரார்த்தனையில் மனம் நிற்கவில்லை. கண்ணை மூடினால் அந்தச் சட்டை.

மார்ச் 9, திங்கள்

செய்தேவிட்டோம்! எங்கள் வரிசை வீட்டுப் பெண்கள் எல்லோரும் துவைக்காத வேலைத்துணியை மூட்டை கட்டி ஆலை வாசலில் இறக்கினோம். மேனேஜர் ஓடி வந்தார்.

"என்னம்மா இதெல்லாம்?"

"உங்க தார்தான் சார். எங்க வீட்டுல மறந்து வச்சிட்டாங்க" என்றாள் எதிர்வீட்டு அக்கா.

மேனேஜர் சிரித்துக்கொண்டே ஒரு மூட்டையைத் தூக்கி ஓரமாக வைத்தார். நர்ஸம்மா அவரை உள்ளே கூட்டிப்போய் மூட்டை தூக்கிய கையில் ஊதா விளக்கைக் காட்டினார். வெளியே வந்தபோது சிரிப்பைக் காணோம். துணி துவைக்க இயந்திரம், குளிக்க வெந்நீர், எல்லோரும் குளித்து முடிக்கும்வரை பஸ் நிற்கும் — ஒப்புக்கொண்டுவிட்டார்! எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

மார்ச் 10

இவருக்குக் கோபம். நேற்று சொன்னது ஒன்றே ஒன்று: "மானத்த வாங்கிட்டே." இருக்கட்டும். கை பிழைக்கட்டும்.

மார்ச் 23

பஸ் முழுக்க ஈரத்தலை! எதிர்வீட்டு அக்கா வாசலில் நின்று கத்தினாள்: "மாப்பிள்ளைங்க வந்தாச்சு டோய்!" இவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. முகத்தைத் திருப்பிக்கொண்டார், ஆனாலும் பார்த்துவிட்டேன்.

மார்ச் 30

முழங்கைக்குக் கீழே கட்டோடு வந்தார். பதறிப்போனேன். "கத்தாதே. நானாத்தான் டாக்டர்கிட்ட காட்டினேன். துளி வெட்டி சோதனைக்கு அனுப்பியிருக்காரு" என்றார். பிறகு, என் முகத்தைப் பார்க்காமல், "நீயும் உன் கையைக் காட்டிட்டு வந்துடு."

கடவுளே, இவரே காட்டினார்! இதற்கே உனக்கு எத்தனை நன்றி சொன்னாலும் தகும். சோதனையில் என்ன இருந்தாலும் தாங்கிக்கொள்கிறேன். பதிலை மட்டும் சீக்கிரம் சொல்லிவிடு.