சுவருக்கு அந்தப் பக்கம் பாடியவருக்கு

சேச்சி,

உங்கள் பித்தளை மணியின் விளிம்பு நசுங்கிவிட்டது. நேற்று வெள்ளிக்கிழமை அந்தியில் நான்தான் நசுக்கினேன். எப்படி என்பதைக் கடைசியில் சொல்கிறேன். எதையும் முதலிலிருந்து சொன்னால்தான் எனக்கு வரும், உங்களுக்குத் தெரியுமே.

அறுபத்தெட்டு வயதில் நீங்கள் மறுபடி படிக்கச் சேர்ந்தபோது மட்டாஞ்சேரியில் நம் தெருவே சிரித்தது. யூதர்களுக்கான ஆன்ம வழித்துணைப் பயிற்சி. கம்ப்யூட்டரின் அந்தப் பக்கம் எந்தெந்த நாட்டிலிருந்தோ பத்துப் பேர், சொல்லிக்கொடுக்க ஒரு ரப்பி, யூத மதகுரு.

"நீங்களும் ரப்பியாகப் போறீங்களா?" என்று கேட்டேன்.

"அதில்ல டீச்சரே. ரப்பி சட்டம் சொல்லுவார். நான் சும்மா கூட உக்காருவேன். ஒருத்தர் மனசு திறந்து பேசும்போ, அதுல தெய்வம் எங்க அசையுதுன்னு சேர்ந்து தேடுவேன். அத்தறைதான்."

பயிற்சிக்குப் பேச ஆள் வேண்டும். தெருவில் உங்களைத் தவிர யூதர்கள் அநேகமாக இல்லை. பக்கத்து வீட்டுத் தமிழ்க்காரி, ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர், நான் மாட்டினேன். செவ்வாய்தோறும் பிற்பகலில், உங்கள் முன்னறையில் மணியை ஒருமுறை அடிப்பீர்கள். ஒலி முழுதும் அடங்கும்வரை இருவரும் பேசக் கூடாது.

"எங்க ஸ்கூல்ல மணி அடிச்சாத்தான் கூச்சலே ஆரம்பிக்கும்" என்றேன் முதல் நாள்.

"இது ஸ்கூலல்ல. மிண்டாதே, பேசாம இரு."

கேட்பவர் புத்திமதி சொல்லக் கூடாது, ஆறுதல் சொல்லக் கூடாது, தன் கதையைச் சொல்லவே கூடாது. அதுதான் உங்கள் பயிற்சியின் விதி. நான் வழக்கம்போல உதாரணங்களாக அடுக்கிக்கொண்டிருந்தேன். எட்டாவது செவ்வாயன்று நீங்கள் கையை உயர்த்தி நிறுத்தினீர்கள்.

"உதாரணம் போதும் டீச்சரே. உன் கோணல் விரலுக்கு என்னாச்சு, அதச் சொல்லு."

சொன்னேன். இருபது வருடத்துக்கு முன், ஒரு வெள்ளிக்கிழமை, இருட்டத் தொடங்கிய நேரம். குழம்பில் உப்பு கூடிவிட்டது. என் கணவர் தலைமுடியைப் பிடித்து என்னை அடுக்களைக்கு இழுத்துப்போனார். என் வலது கையை அம்மிமேல் விரித்து, மணிக்கட்டை முழங்காலால் அழுத்திக்கொண்டு, குழவியைத் தூக்கி இறக்கினார். முதல் அடியில் சுட்டுவிரல். இரண்டாவதில் நடுவிரல். எலும்பு ஒடியும் சத்தம் சாக்பீஸ் ஒடிவதுபோல இருக்கும். இதற்கு மட்டும் உதாரணம் இல்லாமல் முடியவில்லை. நான் கத்தினேன். கத்தாதே என்று வாயில் மிதித்தார். என் பல் ஒன்று அம்மியடியில் கிடந்தது. திங்கட்கிழமை பள்ளியில், கதவிடுக்கில் மாட்டிக்கொண்டது என்று சொல்லிவிட்டு இடது கையால் போர்டில் எழுதினேன்.

பயிற்சியில் சொல்லித்தந்த கேள்வியை நீங்கள் கேட்டீர்கள்.

"அந்த நேரத்துல தெய்வம் எங்க இருந்ததா தோணுது?"

"உங்க வீட்லதான் இருந்திருக்கும். நீங்க வெள்ளிக்கிழமைப் பாட்டு பாடிக்கிட்டிருந்தீங்களே" என்றேன். குத்திக்காட்டிச் சொல்லவில்லை, சேச்சி. நினைவு வந்ததைச் சொன்னேன். "பாட்டு நடுவுல நின்னுச்சு. அப்புறம் முன்னவிடச் சத்தமா ஆரம்பிச்சுச்சு."

விதியை உடைத்தீர்கள்.

"நின்னது, உன் சத்தம் கேட்டு. சத்தமா பாடினது, அது கேக்காம இருக்க. அன்னிக்கி மட்டுமல்ல டீச்சரே. எத்தனையோ தடவ."

நம் இரண்டு வீட்டுக்கும் ஒரே சுவர். உங்கள் பாட்டு எனக்குக் கேட்டால், என் அலறல் உங்களுக்குக் கேட்டிருக்கும். கணக்கு டீச்சருக்கு இந்த ஒரு கணக்கு மட்டும் வராமலே போயிருக்கிறது.

"போன் பக்கத்துல இருந்தது. விளக்கேத்தியாச்சு, ஓய்வுநாள் தொடங்கியாச்சு, போனத் தொடக்கூடாதுன்னு எனக்கே சொல்லிக்கிட்டேன். உயிர் போற காரியம்னா ஓய்வுநாள மீறணும்னுதான் எங்க சட்டம். தெரியாம இல்ல. அவன் என் வாசல்ல வந்து நின்னா என்ன பண்றதுன்னு பயம். பயத்துக்குச் சட்டத்த மறைவா வெச்சேன்."

எழுந்து உங்களை அறைந்தேன். கண்ணாடி தெறித்துப்போய் விழுந்தது. மறுபடியும் அறைந்தேன். மூன்றாவது அடியில் உதடு கிழிந்து ரத்தம் உங்கள் வெள்ளைச் சட்டையில் சொட்டியது. நீங்கள் கையைக்கூடத் தூக்கவில்லை. நாற்பது வருடம் பள்ளிக்கூடத்தில் ஒரு பிள்ளையைத் தொட்டதில்லை நான். அந்தக் கோணல் விரல்கள் உங்கள் கன்னத்தில் பதிந்திருந்ததைப் பார்த்தபோது, செத்து ஏழு வருடமான என் கணவர் என் தோளிலிருந்து கையை நீட்டியதுபோல இருந்தது. ஓடிவந்துவிட்டேன்.

மூன்று வாரம் உங்கள் கதவு திறக்கவில்லை. பயிற்சியிலிருந்து விலகுவதாக ரப்பிக்கு எழுதிவிட்டீர்கள் என்று பழைய சாமான் கடைச் சேட்டன் சொன்னார். நல்லதுதான் என்று நினைத்தேன். கேட்டுக்கொண்டே சும்மா இருப்பது உங்களுக்கு ஏற்கெனவே நன்றாகத் தெரியும், அதற்குப் பயிற்சி எதற்கு?

நான்காவது வெள்ளிக்கிழமை, உங்கள் வீட்டில் எண்ணெய் விளக்கு ஏற்றும் நேரம் தாண்டியபின், என் கதவைக் கைமுட்டியால் இடித்தீர்கள். திறந்தேன். உதட்டில் காயம் ஆறித் தழும்பாகியிருந்தது.

"இன்னிக்கி உன் கதை கேக்க வரல. கதவத் தட்ட வந்தேன். இருபது வருஷம் தாமசிச்சுப் போயி."

நான் உள்ளே வாருங்கள் என்று சொல்லவில்லை. கதவைச் சாத்தவும் இல்லை. நீங்கள் வாசற்படியிலேயே உட்கார்ந்தீர்கள். கொஞ்சநேரம் கழித்து நானும். அடுத்த செவ்வாய் மணி மறுபடி அடித்தது. பயிற்சியில் மறுபடி சேர்ந்து படித்து முடித்தீர்கள். எத்தனை பேர் உங்கள் முன்னால் பேசி அழுதார்கள் என்று எனக்குத் தெரியாது. நீங்கள் யார் பேச்சையும் வெளியே சொன்னதில்லை. வீட்டைக் காலிசெய்து ஊரைவிட்டுப் போகும்முன் மணியை என்னிடம் கொடுத்தீர்கள்.

உங்கள் வீட்டில் இப்போது தேனியிலிருந்து வந்த ஒரு தம்பதி. அவன் கட்டட வேலை. நேற்று அதே சுவருக்கு அந்தப் பக்கம் ஏதோ உடைந்தது, பிறகு தலை சுவரில் மோதும் சத்தம். இரண்டு முறை. மணியைத் தூக்கிக்கொண்டு போய் அவன் கதவில் இடித்தேன், இடித்துக்கொண்டே இருந்தேன். கடைக்காரர்கள் தெருவுக்கு வந்துவிட்டார்கள்.

"டீச்சர், இது குடும்ப விஷயம்" என்றான்.

"தெருவுக்கே கேக்குதுடா. அவ மேலருந்து கையை எடு."

அவன் மனைவியைக் கூட்டிவந்து என் முன்னறையில் உட்காரவைத்தேன். காதோரம் ரத்தம். சாயா கொடுத்தேன். குடிக்காமல் என்னைப் பார்த்தாள்.

"டீச்சர், எங்க சத்தம் உங்களுக்கு இன்னிக்குத்தான் கேட்டுச்சா?"

"இல்லம்மா. மூணு வாரமா கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன்" என்றேன்.

சொல்லிவிட்டு, முகத்தைத் திருப்பாமல், கையைத் தூக்காமல், உங்களைப் போலவே உட்கார்ந்திருந்தேன், சேச்சி.